வேலி அறியாத வண்டு

யாழ்ப்பாணத்தார் வேலியின்மேல் வைத்த பற்றுச் சிறிதன்று. கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டது என்பதற்காக இரண்டு தலைமுறை நீதிமன்றப் படியேறிய குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். தீவகத்தாராகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். என் வளவு, என் கிணறு, என் தென்னை என்று பிரித்துப் பார்த்தே வாழப் பழகிவிட்டோம். இத்தகைய எமக்கு, வேலி என்று ஒன்று உண்டு என்பதையே அறியாத சிற்றுயிர் ஒன்று நெடுங்காலமாகப் பாடம் கற்பித்து வருகின்றது. தென்னையின் குருத்தைக் குடையும் கருவண்டே அது. தலையிலே கொம்புடைமையாற் காண்டாமிருக வண்டு என்றும் அதனைக் கூறுவர்.

இவ்வண்டு பிறக்கும் இடம் வேறு. உண்ணும் இடம் வேறு. தாய் வண்டு உக்கிப்போன தென்னங்குற்றியிலும் பனங்குற்றியிலும் பழைய எருக்குவியலிலும் முட்டையிடும். முட்டை 8 முதல் 12 நாள்களிற் பொரிக்கும். வெளிவரும் வெண்புழு அந்த உக்கலையே தின்று கொழுக்கும். உயிருள்ள மரத்துக்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை. முட்டை வண்டாவதற்கு ஏறக்குறைய 4 முதல் 8 மாதங்கள் செல்லும். அதன் பின்னரே வண்டு இரவிற் பறந்து சென்று, உயிருள்ள தென்னையின் வட்டைத் துளைத்து, விரியாத குருத்தைக் குடையும். அக்குருத்து விரியும்போது, கத்தரிக்கோலால் வெட்டியது போன்ற முக்கோண வெட்டுகள் ஓலையிலே தோன்றும். இளங்கன்றாயின் குருத்து அழுகிப் பட்டுப்போதலும் உண்டு. வண்டு துளைத்த புண்ணிலே செவ்வண்டு முட்டையிடும். அதன் புழு மரத்தை உள்ளிருந்தே தின்று வீழ்த்திவிடும். பனையும் கருவண்டின் தாக்கத்துக்குத் தப்புவதில்லை.

ஆகவே, ஒருவர் வளவிற் கிடக்கும் குற்றி மற்றொருவர் வளவில் நிற்கும் மரத்தைக் கெடுக்கின்றது. எங்கள் அப்பு தென்னங்கன்றின் மட்டை இடுக்குகளில் மணலும் உப்பும் கலந்து இடுவார். வண்டு குடைந்த துளையிற் கம்பியைச் செலுத்தி அதனைக் குத்தி எடுப்பார். நல்ல முறைகளே இவை. எனினும், அக்காலத்தில் அயல் வளவுகள் எல்லாவற்றிலும் ஆள்கள் இருந்தனர். விழுந்த மரம் விறகாயிற்று. எரு தோட்டத்துக்குப் போயிற்று. வண்டு பெருகுதற்கு இடமே அரிதாயிருந்தது. அப்புவின் உப்பும் மணலும் பலித்தமைக்கு அயலவரின் துப்புரவும் ஒரு காரணம் என்பதை இப்பொழுது உணர்கின்றோம்.

1990ஆம், 1991ஆம் ஆண்டுகளிற் போர் காரணமாகத் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். அப்போது எனக்குப் பத்து வயதளவில் இருக்கும். போனவர்களுட் பலர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கொழும்பிலும் தங்கினர். பலர் கடல் கடந்து கனடாவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்று அங்கேயே குடியாயினர். திரும்பி வந்தவர் சிலரே. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கம் செல்பவர் கூரையற்ற கல்வீடுகளையும் பற்றை மூடிய வளவுகளையும் இன்றும் காணலாம். வட்டிழந்த பனைகளும் விழுந்த தென்னைகளும் கிடந்த இடத்திலேயே உக்கின. வேலிகள் அழிந்தன, வண்டுகளுக்கோ வீடுகள் பெருகின.

எங்கள் அயலில் ஓர் ஆச்சி தனியே வாழ்கின்றார். நல்ல தண்ணீர் அரிதான தீவிலே குடம் குடமாக வார்த்து வளர்த்த ஐந்து தென்னைகள் அவருக்கு இருந்தன. மூன்றாண்டுகளில் இரண்டு பட்டுப்போயின. "தம்பி, மரம் என்ரை; வண்டு ஆற்றையோ தெரியாது" என்று ஒருநாள் சொன்னார். வண்டு எங்கிருந்து வந்தது என்பதை அறிதல் கடினமாயிருக்கவில்லை. அடுத்த வளவில், கிணற்றடியில், மூன்று தென்னைகள் விழுந்து கிடந்தன. வளவுக்காரர் கனடாவில் இருக்கின்றார். தொலைபேசியில் அவரை அழைத்து, குற்றிகளைப் பிளந்து எரிப்பதற்கு அனுமதி கேட்டேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், "தம்பி, குறை நினையாதையும். வளவுக்குள்ளை ஆக்களை விட்டால் பிறகு காணி எங்கடை கையிலை இராது எண்டு எல்லாரும் சொல்லுகினம்" என்றார்.

அவரைக் குறைகூற என்னால் இயலவில்லை. ஒரு காணியைப் பத்தாண்டுகள் இடையூறின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்னும் விதி, 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் முதலாக இந்நாட்டில் உண்டு. போரினாற் காணியைப் பிரிந்தவர்களுக்காக 2016இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டதும் இவ்வச்சம் வெறும் கற்பனையன்று என்பதைக் காட்டும். ஆதலின், "குற்றி அகற்றுவதற்காக வளவினுள் நுழைவோர்க்கு இதனால் எவ்வித உரிமையும் உண்டாகாது" என்று ஒரு கடிதம் எழுதி, நானும் ஆச்சியும் ஒப்பமிட்டு, கிராம அலுவலரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றொன்றை அவருக்கு அனுப்பினோம். ஒரு கிழமையில் அவருடைய இசைவு வந்தது. உயர்வகுப்பு மாணவர் நால்வர் அலவாங்கும் கோடரியும் கொண்டு குற்றிகளைப் பிளந்தனர். பெருவிரல் தடிப்பில் வளைந்து கிடந்த வெண்புழுக்கள் ஒரு பனையோலைப் பெட்டி நிறைய அகப்பட்டன. ஆச்சியின் கோழிகளுக்கு அன்று பெருவிருந்து.

தீவுகளில் வாழ்வோர்க்கு இவ்வகையில் ஒரு வாய்ப்பு உண்டு. பூச்சி வேலியை அறியாதாயினும் கடலை அறியும். பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவாவுக்கு இவ்வண்டு 1909ஆம் ஆண்டளவில், இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இறப்பர்க் கன்றுகளுடன் சென்று சேர்ந்தது என்பர். எமது நாட்டு வண்டு அங்கே பெருந்துன்பம் விளைவித்தது. அங்கிருந்து, தொங்கா நாட்டின் வடக்கேயுள்ள நியுவாத்தோபுத்தாபு என்னும் தீவுக்கும் அது பரவிற்று. நெடுந்தீவிலும் சிறிய தீவு அது. அத்தீவிலே 1922 முதல் 1930 வரை, ஒன்பது ஆண்டுகள், வண்டு வளரும் உக்கல்களைத் தேடித்தேடி அகற்றினர். இறுதியில் அத்தீவில் வண்டு அற்றுப்போயிற்று. இன்றுள்ள மருந்துகளும் வாசனைப் பொறிகளும் அன்று இல்லை. ஒரு வளவும் விடாமல் தேடியதே அவர்கள் வெற்றிக்குக் காரணம்.

எமது தீவுகளில் வண்டை முற்றாக ஒழித்தல் இயலாது. அது இந்நாட்டுக்கே உரிய உயிர். வேலணைத் தீவு பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாணத்தோடு இணைந்துள்ளது. புங்குடுதீவு மற்றொரு தாம்போதியால் வேலணையோடு இணைந்துள்ளது. ஒழிக்க இயலாவிடினும், மரங்கள் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்தல் இயலும். நயினாதீவிலும் நெடுந்தீவிலும், சுற்றிலும் கடல் இருப்பதால், அது இன்னும் எளிது.

குறைத்தல் என்றவுடன் நஞ்சு தெளிப்பதையே சிலர் நினைப்பர். இங்கே நிதானம் வேண்டும். 1970ஆம் ஆண்டளவில் தென்னையோலையைச் சுரண்டித் தின்னும் ஓர் அயல்நாட்டு வண்டு தென்னிலங்கையிற் பரவியபோது, அதன் புழுக்களை அழிக்கும் சிறு குளவி ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து தருவித்தே அதனை அடக்கினர். 2008இல் பப்பாசி மரங்களை வெண்பஞ்சு போல மூடிய மாப்பூச்சியும், மறு ஆண்டில் விடப்பட்ட வேறொரு குளவியினாலேயே அடங்கிற்று. தமிழகத்தில் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதற் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈக்கும் சிறு குளவி ஒன்று பகையாயுள்ளது. வெள்ளை ஈக்கள் அண்மை ஆண்டுகளில் எமது குடாநாட்டுத் தென்னைகளையும் பற்றியிருக்கின்றன. கண்டபடி நஞ்சு தெளித்தால் ஈயோடு குளவியும் மாயும். குளவி மாண்ட பின் ஈ முன்னிலும் பெருகும். நிலத்தடி நன்னீரையே நம்பியிருக்கும் தீவுகளில், தெளித்த நஞ்சு ஈற்றில் எங்கே போய்ச் சேரும் என்பதையும் எண்ண வேண்டும்.

பொது வேலைக்குச் செலவு செய்பவர் யார் என்பதே அடுத்த கேள்வி. இதற்கு ஒரு விடை, எம்மவர் பலர் குடியேறிய கனடாவிலேயே உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து ஒக்கனாகன் பள்ளத்தாக்கில், அப்பிள் பழத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சிக்கு எதிராக 1992ஆம் ஆண்டளவில் ஒரு பிரதேசத் திட்டம் தொடங்கப்பட்டது. மலடாக்கிய பூச்சிகளைப் பெருந்தொகையாக வளர்த்துத் தோட்டங்களில் விடுவதே அதன் முறையாயிருந்தது. அதன் செலவில் ஒரு பகுதியைத் தோட்டக்காரர் செலுத்துகின்றனர். மறுபகுதியைத் தோட்டம் இல்லாத காணிக்காரரும் வரியாகச் செலுத்துகின்றனர். கவனிப்பாரின்றிப் பூச்சி வளர்க்கும் மரங்களைக் கொண்ட காணிக்காரரை நெறிப்படுத்தவும் அங்கே விதி உண்டு. பூச்சிக்கு எதிரான காவலை, தெருவையும் குடிநீரையும் போன்ற பொதுக் காரியமாகவே அவர்கள் கொண்டனர்.

எமக்கு அத்தகைய பெருந்திட்டம் வேண்டியதில்லை. ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு ஆகிய மூன்று பிரதேச சபைகளும் மனம்வைத்தாற் பின்வருவனவற்றை அடுத்த ஆண்டிலேயே தொடங்கலாம். முதலாவது, நாங்கள் எழுதிய கடிதம் போன்ற பொதுப் படிவம் ஒன்று. வளவுக்காரர் உலகின் எம்மூலையில் இருந்தாலும் ஒப்பமிட்டு அனுப்பலாம். உரிமை அவருடையதே என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவது, சோளகம் தணிந்து மாரி தொடங்குமுன், புரட்டாதியில், தீவு முழுவதற்கும் ஒரே கிழமையிற் குற்றி அகற்றும் வேலை. இன்று ஒரு வட்டாரம், ஆறு மாதம் கழித்து மற்றொரு வட்டாரம் என்றால் வண்டு இடம் மாறி வாழ்ந்துவிடும். மூன்றாவது, எருக்குவியல்களை அடிக்கடி புரட்டிப் புழுவைப் பொறுக்குதல். புழுவிலே நோயை உண்டாக்கும் பச்சைப் பங்கசை அங்கே இடுதல். நான்காவது, பொறிகளில் விழும் வண்டுகளைப் பாடசாலை மாணவர் கிழமைதோறும் எண்ணிக் குறித்தல். எண்ணாத வேலையிற் பயன் விளைந்ததா என்பதை எவரும் அறியார். 1929இல் தோன்றிய தென்னை ஆராய்ச்சி நிலையம் லுணுவிலவில் உண்டு; கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் உண்டு. எமது எண்ணிக்கைகளை வைத்து அவர்களிடம் ஆலோசனை கேட்கலாம்.

2025இல் வடக்குத் தென்னை முக்கோணம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டுள்ளது. புதிய கன்றுகள் நடப்படுவது மகிழ்ச்சியே. ஆயின், கருவண்டுக்கு மிக விருப்பமானது இளங்கன்றின் குருத்து. பழைய குற்றிகளை அப்படியே விட்டுப் புதிய கன்றுகளை நடுவோமாயின், வண்டுக்குத் தொட்டிலும் பாற்சோறும் ஒருங்கே அளித்தவர்களாவோம்.

கடல் கடந்து வாழும் தீவகத்தார்க்கு ஒரு சொல். கோயில் திருவிழாவுக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் நீங்கள் தாராளமாகக் கொடுப்பதை ஊர் நன்றியோடு நினைக்கின்றது. இம்முறை பணத்துக்கு முன் ஓர் ஒப்பத்தைக் கேட்கின்றோம். உங்கள் வளவின் எல்லை உங்களுடையதாகவே இருக்கட்டும். விழுந்து கிடக்கும் குற்றியை மட்டும் எடுக்க விடுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் குறிகாட்டுவான் துறையில் வந்திறங்கும்போது, ஓர் இளநீர் வெட்டிக் கொடுப்பதற்கு இங்கே மரமும் இருக்க வேண்டும். வெட்டிக் கொடுக்க மனிதரும் இருக்க வேண்டும்.