ராஜா பார்த்த கண்

என் கணவரின் வேலை காரணமாக மூன்று வருஷம் ஜப்பானில், ஒசாகாவில் இருந்தோம். அங்கே எல்லோரும் போகிற ஹிமெஜி கோட்டைக்கு நாங்களும் போனோம். 1609-ல் கட்டி முடித்த வெள்ளைக் கோட்டை. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, ஏணி மாதிரி நிற்கும் மரப்படிகளில் ஏற வேண்டும். புடவையோடு நான் ஏறியது பெரிய கதை! உச்சியில் மூச்சு வாங்க நின்றபோது என் பெண் கேட்டாள்: "ஏம்மா, நம்ம தஞ்சாவூர் அரண்மனையும் இப்படித்தான் இருக்குமா?"

சுருக்கென்றது. திருவையாற்றுப் பக்கம் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம். ஜவுளி எடுக்கப் போகும்போதெல்லாம் அரண்மனையைக் கடந்து போயிருக்கிறேன். உள்ளே கால் வைத்ததில்லை.

ஊர் திரும்பியதும் கவலை வேறு வந்துவிட்டது. முறத்தில் ஒரு நெல் கிடந்தாலும் எட்ட இருந்தே சொல்லிவிடுகிற மாமியார், இப்போது அரிசியைக் கையால் தடவிப் பார்க்கிறார். கண்ணில் புரை. ஆபரேஷன் என்றாலே, "எங்க அக்கா கண்ணு அதுலதான் போச்சு. எனக்கு வேணாம் தாயி" என்பார். அது நடந்து நாற்பது வருஷம் இருக்கும். சொன்னால் கேட்டால்தானே!

பெண்ணின் பிடிவாதத்தால் ஒருநாள் மூவரும் அரண்மனைக்குப் போனோம். நாயக்கர்கள் கட்டத் தொடங்கி மராட்டியர்கள் விரிவாக்கியது. தர்பார் மண்டபத்துத் தூண்களை அத்தை தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சரஸ்வதி மகாலில் ஒரு பெரியவர், 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னரைப் பற்றிச் சொன்னார். கண் வைத்தியத்தில் மன்னருக்கு அவ்வளவு ஈடுபாடாம். நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து, செய்த சிகிச்சையையும் எழுதிவைத்த ஏடுகள் அந்த நூலகத்தில் இருக்கின்றனவாம்.

"ராஜாவேவா பாத்தாரு?" என்று அத்தை இரண்டு முறை கேட்டார். பிறகு பேச்சே இல்லை. பஸ்ஸில் வரும்போதுதான், "தாளடி அறுப்புக்குள்ள கட்டு அவுத்துருவாங்களா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண்ணைத் துடைக்க.

ஆபரேஷன் அரை மணிகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவரைக் கட்டுப்படுத்துவதுதான் பாடு. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, தேய்க்கக்கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக்கூடாது, சொட்டு மருந்து வேளை தவறக்கூடாது. சொட்டு மருந்துக்கு என் பெண்தான் காவல்.

பத்தாம் நாள் சாப்பிட உட்கார்ந்தார். இலையை உற்றுப் பார்த்தார்.

"ஏண்டி, சோத்துல நெல்லு கெடக்கு. யாரு பொடச்சது?"

நான்தான்.