நெம்புவதற்கு முன்



இந்த வாரம் உங்கள் கவனத்தை ஒரு சிறு எஃகு வளையத்தின்மேல் திருப்ப விரும்புகிறேன். நம்மில் பலர் நாள்தோறும் ஏறிச் செல்லும் மோட்டார் சைக்கிளின் இன்ஜினுக்குள் அது இருக்கிறது. பல ஆண்டுகள் வண்டி ஓட்டியவர்களிலும் பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டதில்லை. மெக்கானிக்குகள் அதை வால்வு ஸ்பிரிங் சீட் என்று அழைக்கிறார்கள்.

அதன் வேலை என்னவென்று முதலில் பாருங்கள். இன்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட், இன்றைய வண்டிகளில் அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வும், எரிந்த புகை வெளியேற மற்றொரு வால்வும் அதில் உண்டு. திறந்த வால்வை மீண்டும் இழுத்து மூடுவது வலிமையான ஒரு சுருள்வில். இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழலும்போது, ஒவ்வொரு வால்வும் 3000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. அந்தச் சுருள்வில் நேரடியாக அலுமினியத்தின்மேல் நின்றால், மென்மையான அந்த உலோகத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்துவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே இந்த எஃகு வளையத்தை வைக்கிறார்கள். வில்லின் அழுத்தத்தையும் உராய்வையும் அது தன்மேல் வாங்கிக்கொள்கிறது.

நான் கிராமங்களில் உள்ள நோயாளிகளையும் முதியவர்களையும் சந்திக்கச் செல்வது 97.2 சிசி இன்ஜின் கொண்ட ஒரு பழைய வண்டியில். சில மாதங்களாகக் காலையில் அதைக் கிளப்பும்போது நீலநிறப் புகை வந்தது. மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார். வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல்கள் இறுகிக் கெட்டுப்போயிருந்தன. புகை வெளியேறும் வால்வின் கைடும் தேய்ந்திருந்தது. கைடை மாற்ற ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் உள்ளே இருப்பவை எல்லாம் வெளியே வரவேண்டும். ஸ்பிரிங்கை அழுத்தி வால்வு லாக்குகளை எடுத்தார். பின்பு ஸ்பிரிங்குகள், வால்வுகள், பழைய சீல்கள் என ஒவ்வொன்றாக வந்தன. ஸ்பிரிங் சீட்டுகள் மட்டும் அசையவில்லை. பல ஆண்டுகளாகச் சூட்டில் கருகிய எண்ணெய், அரக்குப்போல் கெட்டியாகி அவற்றை ஹெட்டோடு ஒட்டிவைத்திருந்தது.

அங்கே வேலை பழகும் இளைஞன் ஒரு தட்டை ஸ்குரூடிரைவரை எடுத்தான். அதன் முனையை வளையத்தின் விளிம்புக்குக் கீழே செலுத்தப்போன நேரத்தில், மெக்கானிக் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, எது மேல முட்டுக் கொடுத்து நெம்பப் போற?"

அன்பானவர்களே, அந்தக் கேள்வியை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நெம்புகோலுக்கு எப்போதும் ஒரு முட்டு வேண்டும். எஃகு வளையத்தைத் தூக்க எவ்வளவு விசை கொடுக்கிறோமோ, அதற்கு ஈடான விசையை, பலவேளைகளில் அதைவிடப் பெரிய விசையை, அந்த முட்டு தாங்கவேண்டும். ஹெட்டுக்குள் முட்டாகக் கிடைப்பவை இரண்டே. ஒன்று, வளையத்தைச் சூழ்ந்துள்ள அலுமினியம். அது எஃகைவிட மென்மையானது. எளிதில் பள்ளம் விழும், பிசிறு எழும்பும். அதன்மேல் புதிய வளையம் சமமாக அமராது. வில் சாய்ந்து நிற்கும். மற்றொன்று, நடுவில் நிற்கும் வால்வு கைடு. அதன் மேல்விளிம்பு உடைந்தால் புதிய சீல் அதைக் கவ்விப் பிடிக்காது. வளையமோ கடையில் சிறு விலைக்குக் கிடைக்கும் பொருள். அதை எடுக்கப்போய், ஹெட் முழுவதையும் இழக்க நேரிடும்.

மெக்கானிக் வேறு வழியில் சென்றார். ஹெட்டை ஓர் இரவு முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். மறுநாள் மண்ணெண்ணெய் சிறிதும் இல்லாதபடி சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தினார். தீப்பற்றும் எதையும் வைத்துக்கொண்டு அடுப்பருகே போகக்கூடாது என்று இளைஞனை எச்சரித்தார். அதன்பின் ஹெட்டைக் கொதிக்கும் நீரில் வைத்தார். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள குழியில், 70 பாகை வெப்பம் ஏறினால் கிடைக்கும் இடைவெளி சுமார் 0.02 மில்லிமீட்டர்தான்; தலைமயிரின் பருமனும் இல்லை. அதற்குள் சூடு அந்தப் பழைய அரக்கையும் இளகச் செய்கிறது.

வெளியே எடுத்ததும் அவர் வளையத்தைத் தூக்க முயலவில்லை. வளைந்த மெல்லிய கம்பியால் அதைச் சற்றே சுழற்றிப் பார்த்தார். "முதல்ல சுத்தணும் ஐயா. சுத்த ஆரம்பிச்சா அப்புறம் தானா எழும்பும்" என்றார். ஒட்டிய எண்ணெய்ப் படலம் மேல்நோக்கி இழுத்தால் உறிஞ்சிப் பிடிக்கும். பக்கவாட்டில் நகர்த்தினால் எளிதில் விட்டுக்கொடுக்கும். ஒரு வளையம் அப்போதே சுழன்றது. காந்தத்தை வைத்ததும் அதோடு மேலே வந்தது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. எஃகு மட்டும் வரும். மற்ற வளையத்துக்கு மூன்று முறை வெந்நீர் வேண்டியிருந்தது. மாலையில் அதுவும் வந்தது. ஹெட்டில் ஒரு கீறலும் இல்லை.

இப்போது ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அண்ணன், தம்பி இருவர். தந்தை இறந்தபின் வீட்டுப் பங்கு குறித்து எழுந்த வழக்கில் ஆறு ஆண்டுகள் பேசாதிருந்தார்கள். இருவரையும் அசைக்க உறவினர்கள் பலர் முயன்றார்கள். எல்லாரும் கையில் எடுத்த சொல் ஒன்றே: "அம்மாவுக்காகவாவது விட்டுக்கொடு." அண்ணனிடமும் அதையே சொன்னார்கள், தம்பியிடமும் அதையே சொன்னார்கள். பிள்ளைகளோ, "நீங்கள் அவனுக்குத்தானே பரிந்து பேசுகிறீர்கள்" என்று தாயிடம் திரும்பினார்கள். இருவரும் அசையவில்லை. அசைந்தவர் அந்தத் தாய்தான். உண்பதைக் குறைத்தார். பண்டிகை நாட்களில் எந்த வீட்டுக்கும் போகாமல் தனியே இருந்தார். நல்ல நோக்கத்தோடு வந்தவர்கள் எல்லாரும் அவர்மேலேயே முட்டுக் கொடுத்து நெம்பியிருந்தார்கள்.

சென்ற ஆண்டு கிணற்று மோட்டார் பழுதானது. தம்பி அண்ணனை அழைத்து ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "அண்ணா, அப்பா இந்த மோட்டாரை யாரிடம் காட்டுவார்?" பங்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அண்ணன் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அரைமணி நேரத்தில் தாமே வந்து நின்றார். வீடு இன்னும் பிரிக்கப்படவில்லை. ஆனால் இப்போது இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து கணக்குப் பார்க்கிறார்கள்; தாய் உள்ளே சமைக்கிறார்.

இதை எல்லாக் காரியத்துக்கும் மருந்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு ஊறவைத்தாலும் வராத வளையங்களும் உண்டு. அவற்றை லேத்தில் கடைந்துதான் எடுக்கவேண்டும். அதுபோல, மூன்றாம் மனிதர் ஒருவரோ சட்டமோ தலையிட்டே தீரவேண்டிய வழக்குகளும் உண்டு. அடிக்கிறவரின் வீட்டில் இருப்பவரிடம் பொறுமையாகக் காத்திருக்கும்படி நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அங்கே முதலில் செய்யவேண்டியது, அடிபடுகிறவரைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்வது.

ஆனால் நம் வீடுகளில் இறுகிக் கிடப்பவற்றில் பெரும்பகுதி அத்தகையது அல்ல. ஒருகாலத்தில் நம்மை உராயாமல் காத்த அன்பே, கவனிப்பாரின்றிக் கருகி, இருவரையும் அசையவிடாத பசையாகிவிட்டது. அதை உடைக்க அவசரப்படும்போது நம் கைக்கு எட்டுகிறவர்கள் வீட்டில் மிகவும் மென்மையானவர்களே. கணவன் மனைவி பிணக்கில் ஒரு பிள்ளை. சகோதரர் வழக்கில் ஒரு தாய். மாமியார் மருமகள் மனத்தாங்கலில், இருவரிடமும் சொல் கேட்கும் ஒரு மகன்.

ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குடும்பத்தில் பேசப்படாமல் இறுகிப்போன ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதை அசைக்க யார்மேல் முட்டுக் கொடுத்து வருகிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். அவரிடம் சென்று அருகே அமர்ந்து, "இனி இந்தச் சுமையை உங்கள்மேல் வைக்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். பேசாதிருப்பவரிடமோ வழக்கைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லவேண்டாம். அவருக்குத் தெரிந்த, உங்களுக்கு உண்மையாகவே தேவையான ஒரு சிறிய காரியத்தைக் கேளுங்கள். முதல் முறை பதில் வராவிட்டால், மூன்றாம் முறையும் கேளுங்கள்.