பாகம் பிரியாத வீட்டின் மொட்டை மாடி

சித்திரை மாதத்தில் எங்கள் நிலக்கோட்டையில் பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் தளம், இஷா தொழுது வீடு திரும்பும் நேரத்தில் அந்த அனலை அறைக்குள் இறக்கத் தொடங்கும். மின்விசிறி அதையே சுழற்றித் தரும். பிறகு ஏ.சி. வரும், அதன் பின்னே மின்கட்டணம் வரும். இதற்கு மாற்று வழி நம்மில் பலருக்குத் தெரியும். தளத்திற்கு வெள்ளைப் பூச்சு அல்லது தட்டோடு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் விசிறி, இயன்றவர்க்குச் சூரிய மின்தகடு. தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

குண்டு பல்பு போய் எல்.இ.டி. வந்த கதையை நினைத்துப் பாருங்கள். 2015இல் தொடங்கிய ஒன்றிய அரசின் உஜாலா திட்டத்தால் விலை குறைந்தது. 60 வாட் பல்பு எரிந்த இடத்தில் 9 வாட் பல்பு எரிந்தது. எந்த ஜும்ஆ பயானும் அதற்குத் தேவைப்படவில்லை. கடையில் வாங்கி, நாற்காலியில் ஏறி மாட்டினால் வேலை முடிந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

விசிறியில் அந்த வேகம் இல்லை. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரு மாதத்தில் 67 யூனிட்டுக்குப் பதில் 27 யூனிட். ஆயினும் விலை மூவாயிரம் ரூபாய் என்றதும் தயங்குகிறோம். சிறு குடும்பங்களைக் குறை கூற இயலாது. 2016இல் இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. அதை ஒட்டியே செலவழிப்பவருக்கு மிச்சப்படுத்திக் கிடைப்பது சொற்பம். 500 யூனிட்டைத் தாண்டி, கட்டண வீதமே மாறிவிடும் வீட்டுக்காரர்தாம் கணக்குப் போட வேண்டியவர். அவரோ முன்வாசலுக்குக் கிரானைட் பதிக்கிறார். மொட்டை மாடியை வற்றல் காயவைப்பவரைத் தவிர வேறு யார் பார்க்கப் போகிறார்கள்? வாடகை வீடென்றால் செலவு உரிமையாளருக்கு, குளிர்ச்சி குடியிருப்பவருக்கு; இருவருமே கை வைக்கமாட்டார்கள்.

வட்டியும் ஒரு தடை. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. எஞ்சிய தொகைக்கு வங்கி கடன் தரும், வட்டியோடு. நம் குடும்பங்கள் அங்கே நின்றுவிடுகின்றன, நிற்பது சரியே. ஆனால் எல்லாவற்றையும் வட்டியின்மேல் போட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை. பிரிட்டனில் 2013இல் ‘கிரீன் டீல்’ என்றொரு திட்டம் வந்தது. கடன் பெற்று வீட்டைச் செப்பனிட்டு, மின்கட்டணத்தோடு திருப்பிச் செலுத்தலாம். வட்டியை இயல்பாகக் கொள்ளும் மக்களே அதை அதிகம் நாடவில்லை. 2015இல் அரசு அதற்கான நிதியை நிறுத்திக்கொண்டது. மேலும், தளத்துப் பூச்சுக்குக் கடனே வேண்டியதில்லை. அதுவும் அல்லவா நடக்காமல் கிடக்கிறது!

நான் கண்டவரையில் பெரிய காரணம் பாகம் பிரியாத வீடு. அத்தா வஃபாத்தான பின் வீடு வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிறது. பிரிக்காமலே ஆண்டுகள் ஓடுகின்றன. ஹனஃபி ஃபிக்ஹின்படி, கூட்டுச் சொத்தில் மற்றப் பங்குதாரர்களின் இசைவின்றி ஒருவர் செலவழித்தால், பொதுவாக அது அவர் தாமாகச் செய்த உபகாரமாகிவிடும். பின்னர் ஈடு கோர இயலாது. சட்டம் படிக்காதவர்களும் இதை உள்ளுக்குள் அறிவர். நாளை எவர் பங்குக்குப் போகுமோ என்ற எண்ணத்தில் கை பின்வாங்குகிறது.

இசைவு கேட்கலாமே? அண்ணன் தம்பியிடம் கேட்பார்கள். சகோதரிகளிடம் கேட்கத்தான் நாவு எழுவதில்லை. கேட்டால், அவர்களுக்கும் அந்த வீட்டில் பங்குண்டு என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். நிக்காஹ்வின்போது நகை போட்டாயிற்று என்று மூடிவைத்த கணக்கு திறந்துவிடும். அதைத் திறப்பதைவிட வெக்கையில் வெந்துகொண்டிருப்பது நமக்கு எளிதாகப் படுகிறது.

எங்கள் வீடும் அத்தகையதே. ஒற்றைத் தளம், அம்மா படுக்கும் அறைக்கு நேர் மேலே வெயில். வாரிசுகள் அம்மா, ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன், நான், இரு தங்கைகள். பூச்சு வேலைக்கு 24,000 ரூபாய் ஆகும் என்றார் கொத்தனார். பாதியைத் தாம் தருவதாக அண்ணன் சொன்னார். நான் ஐந்தாக எழுதி அனுப்பினேன்: அம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, 3,000, ஆண்கள் இருவருக்கும் 7,000 வீதம், தங்கைகளுக்கு 3,500 வீதம்.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு தொலைபேசியில், “தங்கச்சிங்ககிட்டயா காசு கேக்கப்போற?” என்றார்.

“காசு கேக்கலண்ணே, சம்மதம் கேக்குறேன். இப்ப நான் போடுறேன். பிரிக்கும்போது கழிச்சுக்கலாம்.”

மூத்த தங்கை உடனே சரி என்றாள். இளையவள் சற்று நேரம் பேசவே இல்லை. “அப்ப எனக்கும் அதுல பங்கு இருக்காண்ணே?” என்று பிறகு கேட்டாள். அவளுக்கு நிக்காஹ் ஆகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன.

பங்குனி இறுதியில் பூச்சு வேலை முடிந்தது. அம்மாவின் அறையில் இப்போது இரவில் தளத்தின் அனல் முன்னைவிட விரைவாக அடங்குகிறது. செலவு எழுதிய தாளில் ஐவரும் கையெழுத்திட்டுள்ளோம். அண்ணனுடையது மட்டும் வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் ஊர் வருகிறார். பாகப் பேச்சை அப்போது வைத்துக்கொள்வதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.