சித்தப்பாவின் கார்

ஆறாயிரம் ரிங்கிட். அப்பாவும் சித்தப்பாவும் எட்டு மாதம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அந்தத் தொகைதான்.

இருவரும் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் வெளியே வந்து, கடன் பட்டு ஒரு லோரி வாங்கினார்கள். பிறகு அப்பா ஈப்போவில் உதிரிபாகக் கடை வைத்தார். லோரிகளைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். முதல் போட்டது கடை என்பதால், லோரி கம்பெனியில் 60 விழுக்காட்டுப் பங்கு கடைக் கம்பெனியின் பெயரில் இருந்தது.

2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. கணக்கியல் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நான் மேதாவியாக ஒரு யோசனை சொன்னேன். ஒரு கம்பெனி இன்னொன்றில் பாதிக்கு மேல் பங்கு வைத்திருந்தால், இரண்டையும் ஒரே குழுவாகப் பதியலாம். கடையிலிருந்து லோரிக்கு டயர் போனால் அதற்கு வரி போட வேண்டாம்; இரண்டுக்கும் ஒரே கணக்கு. ஒருவர் வைக்கும் வரிப் பாக்கிக்கு எல்லாரும் பொறுப்பு என்ற இடத்தை மட்டும் வேகமாகப் படித்துக் காட்டினேன். அண்ணன் தம்பிதானே!

2017-இல் அப்பா 15 விழுக்காட்டைச் சித்தப்பாவுக்கே மாற்றிக் கொடுத்தார். மிஞ்சியது 45. தகுதி போனதால் சுங்கத்துறைக்கு எழுதி, லோரி கம்பெனியைக் குழுவிலிருந்து எடுத்தோம். 2018 செப்டம்பரில் ஜிஎஸ்டியே போய்விட்டது.

சட்டம் போனாலும் பழைய பாக்கி போகாது. 2019 பிப்ரவரியில் கடிதம் வந்தது. 2016-இல் லோரி கம்பெனி பெயரில் சித்தப்பா ஒரு குடும்பக் கார் வாங்கியிருந்தார். சொந்தக் காருக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க முடியாது. ரசீதோடு ரசீதாக நான் கேட்டு வாங்கியிருந்தேன். ஆறாயிரமும் அபராதமும் கட்டச் சொல்லி, குழுவின் பிரதிநிதியான கடைக் கம்பெனிக்குக் கடிதம்.

"நான்தான் குழுவுலயே இல்லையே, அண்ணே."

"கார் யார் வீட்டு வாசல்ல நிக்குது?"

விலகியது 2017-இல், பாக்கி 2016-க்கு என்று விளக்கினேன். அந்தக் காலத்துக்கு இரண்டு கம்பெனியும் பொறுப்பு. முழுத் தொகையையும் எதனிடமும் வசூலிக்கலாம். தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது அவரவர் பாடு. பதிந்த அன்றே அதை ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். உடன்பிறந்தவர்களிடம் கையெழுத்துக் கேட்க எனக்குக் கூச்சம்.

அப்பா முழுவதையும் கட்டினார். பேச்சு நின்றது.

அந்தத் தீபாவளிக்குச் சித்தப்பா வந்தார், காரில் அல்ல, லோரியில். மேசை மேல் ஓர் உறையை வைத்துவிட்டு முறுக்கை எடுத்தார். அப்பா அதைத் தொடவே இல்லை. அவர் போன பிறகு நான் எண்ணினேன். மூவாயிரம் இருந்தது.

அபராதத்தை என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.