மூன்று பனங்கொட்டைகள்

தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பயன் தமக்குக் கிட்டாதென்று அறிந்தும் மனிதர் பனை நடுவது ஏன்? இவ்வினாவுக்குரிய விடையை எனக்குக் கற்பித்தவை எங்கள் வளவில் இடப்பட்ட மூன்று பனங்கொட்டைகளாகும்.

1972ஆம் ஆண்டு ஆவணி மாதம். எனக்கு அப்பொழுது எட்டு வயது. யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் ஆச்சி பனாட்டுக்காகப் பழம் பிசைந்துகொண்டிருந்தார். களி பிழிந்த கொட்டைகளைக் கிழங்குப் பாத்திக்கென ஒதுக்கியவர், ஒரே பழத்தின் மூன்று கொட்டைகளை மட்டும் வேலியோரத்தில் இடைவெளி விட்டுப் புதைத்தார். பனங்கன்றைப் பெயர்த்து வேறிடத்தில் நடுதல் கடினம். ஆதலால் மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே விதையை இடுவர்.

ஐப்பசி மழை பெய்தும் மண்ணின்மேல் ஒரு தளிரும் தோன்றவில்லை. பொறுமையிழந்த நான் ஒரு கொட்டையைப் பிடித்து இழுத்தேன். வெண்ணிறமான குழலொன்று அறுந்து என் கையோடு வந்தது. ஆச்சி அடிக்கவில்லை.

“அது கீழை போய்த்தான் மேலை வரும், மோனை. உனக்கு அதுக்குள்ளை என்ன அவசரம்?” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. பனங்கொட்டையின் முளை முதலில் மேல்நோக்கி வருவதில்லை. குழல் போன்ற ஓர் உறுப்பு ஏறக்குறைய ஒரு முழ ஆழத்துக்கு நிலத்தினுள் இறங்குகின்றது. வருங்கால மரத்தின் குருத்து அதன் நுனியிலே, வெயிலும் ஆடுமாடுகளின் வாயும் எட்டாத ஆழத்தில் இருக்கின்றது. கொட்டையிலுள்ள உணவு அவ்வழியே இறங்கிக் கிழங்காகத் திரள்கின்றது. நாம் அவித்துண்ணும் பனங்கிழங்கு அதுவே. நான் அறுத்தது அந்த உணவு செல்லும் வழியை.

எஞ்சிய இரண்டும் வடலிகளாயின. பனையில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு மரங்கள். எது ஆண், எது பெண் என்பது பூக்கும்வரை தெரியாது. பூப்பதற்கோ 12 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். ஆச்சி 1984இல் காலமானார். 1989இல் ஒரு மரம் குலை தள்ளியது. மற்றது ஆண்பனை. முதற்பழத்தை ஆச்சியின் படத்தின்முன் வைத்து அம்மா அழுதார்.

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் ஊரோடு ஊராக நாங்களும் இடம்பெயர்ந்தோம். மறுவருடம் திரும்பியபோது பெண்பனை நின்ற இடத்தில் அடிக்கட்டை மாத்திரமே இருந்தது. பதுங்குகுழிக்காக எத்தனையோ பனைகள் தறிக்கப்பட்ட காலம் அது. “காய்க்காத மரம் எதற்கு? இதையும் தறித்து வளைக்கு விடுவோம்” என்றார் கூரை வேய வந்த அயலவர். எனக்கு மனம் வரவில்லை. ஆண்பனையின் மகரந்தம் இன்றேல் அயல் வளவுப் பெண்பனைகளும் காய்க்கமாட்டா என்று அவருக்குச் சமாதானம் கூறினேன்.

உண்மையில் என் மனத்திலிருந்தது வேறொன்று. அன்று ஆச்சி பிசைந்த பழங்களைத் தந்த மரங்களை நட்டவர் யாரென்று ஆச்சிக்கே தெரியாது. பெயரறியாத ஒருவர் இட்ட விதையின் பயனை உண்டு வளர்ந்தவர், தாமும் மூன்று விதைகளை இட்டார். பனை நடுவது இவ்வாறு பழைய கடன் தீர்ப்பதேயாகும்.

சென்ற ஆவணியில் அயல்வீட்டுப் பழமொன்றின் கொட்டையை, பழைய அடிக்கட்டையின் அருகே என் பேத்தியைக்கொண்டு இடுவித்தேன். அதன் தந்தை எங்கள் ஆண்பனையாகவும் இருக்கலாம். “எப்ப பழம் வரும், அம்மப்பா?” என்று அவள் தினந்தோறும் கேட்டாள். தோண்டிப் பார்த்துவிடுவாளோ என்ற அச்சத்தால், அவளறியாமல் இன்னொரு கொட்டையையும் சற்றுத் தள்ளி இட்டு வைத்திருக்கின்றேன்.