மனம்விட்டுப் பேசுவோம்

நிறவேற்றுமையைப் பற்றிப் பேசினால் பகைதான் வளரும் என்பார் உளர். 1960 பிப்ரவரி 1 அன்று, அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில், முதலாமாண்டுக் கறுப்பின மாணவர் நால்வர், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய கடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். மறுத்தபின்னும், கடையடைக்கும்வரை எழவில்லை. விடுதி அறையில் பல இரவுகள் பேசிப் பேசி வளர்த்த துணிவு அது! ஜூலை 25-இல் அங்கே கறுப்பினத்தவர்க்கும் உணவு பரிமாறப்பட்டது.

நம் விடுதியில் கிரிக்கெட் பேசுகிறோம், சினிமா பேசுகிறோம். “எந்த ஊர்?” என்பவர், அடுத்து “எந்தத் தெரு?” என்றதும் அறையே அமைதியாகிவிடுகிறது. அவர் அறிய விரும்புவது என் சாதியை. அந்த அமைதி எனக்குப் பழகிவிட்டது. வலி மட்டும் பழகவில்லை. தோழர்களே, சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்பதை விடுத்து, அதன் கொடுமையை நேராகப் பேசுவோம். மூடிவைத்த புண் புரையோடும்.