நெளுக்குளத்து வாசலில் அரை நாள்



பிரயாணக் கட்டுரை என்றதும் மதீனாவையோ இஸ்தான்பூலையோ, குறைந்தபட்சம் கண்டியையோ எதிர்பார்த்திருப்பீர்கள். நான் உங்களை அழைத்துச் செல்வது நெளுக்குளத்துக்கு. வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் சிறிது தூரம் வந்தால் அந்த ஊர். பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. நேர்முகப் பரீட்சை நடக்கும் நாட்களில் அதன் வாசலில் உம்மாமாரும் வாப்பாமாரும் பைலும் கையுமாக நிற்பார்கள். கடந்த தடவை அவர்களோடு நானும் அரை நாள் நின்றேன்.

என் மூத்த சகோதரியின் மகனுக்கு இருபத்தொரு வயது. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்திதான். ஆனால் பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. அதன்பின் இரண்டு வருடங்கள் வீட்டில் இருந்தான். சும்மா இருந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். முசலிப் பக்கத்து வயல்காரர்களின் தண்ணீர்ப் பம்பு எது பழுதானாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். ஆனால் யாராவது "மகன் என்ன செய்றார்?" என்று கேட்டால் என் மச்சான், "வேலையொன்று பாத்துக்கிட்டு இருக்கார்" என்றுதான் சொல்வார். பம்பு திருத்துவது அவர் கணக்கில் வேலையே அல்ல. வேலை என்றால் கச்சேரி வேலை!

இதற்காக மச்சானைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரை விட்டு வந்த ஏறத்தாழ 75,000 பேரில் அவரும் ஒருவர், நானும் ஒருவன். நான் அப்போது சிறுவன். கற்பிட்டியில் ஓலைக் கொட்டிலில் இருந்து கொண்டு எங்கள் மூத்தவர்கள் வெங்காயத் தோட்டத்துக்கும் உப்பளத்துக்கும் நாட்கூலிக்குப் போனார்கள். ஊரில் காணி வைத்திருந்தவரும் படகு வைத்திருந்தவரும் கடை வைத்திருந்தவரும் ஒரே நாளில் ஒன்றுமில்லாதவர்களானார்கள். இடம்பெயர்ந்த பின்னும் மாதச் சம்பளம் எடுத்தவர் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர்தான். அதைக் கண்ணால் கண்ட தலைமுறை தன் பிள்ளைக்கு வேறெதை இலட்சியமாகக் காட்டும்?

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசாங்க வேலை வேண்டும் என்பது ஓர் ஆசை. அதற்காக எந்தப் பரீட்சை, எந்த வயதெல்லைக்குள், எந்தத் தகைமையோடு என்று தெரிந்திருந்தால்தான் அது இலட்சியமாகும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது, வர்த்தமானியையும் வாசிக்காமல் கைத்தொழிலையும் பழகாமல், யாரோ ஓர் அரசியல்வாதி பெயர் போடுவார் என்று காத்திருப்பது. அப்படி இருபத்தெட்டு வயதுவரை காத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

போவதற்கு முதல் நாள் இரவு இஷாவுக்குப் பிறகு சகோதரி வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து பத்திரங்களைச் சரிபார்த்தோம். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், ஜீ.எஸ். தந்த வதிவிடச் சான்று. மூலப்பிரதி ஒரு பக்கம், போட்டோ கொப்பி மறுபக்கம். வாசகர்களே, இதைச் சிறிய விடயமாக எண்ண வேண்டாம். மறுநாள் என் கண்முன்னே ஒரு பிள்ளை மூலப்பிரதியை வீட்டில் வைத்துவிட்டு வந்து அழுதது.

பிறகு நானே விசாரிப்பவராக உட்கார்ந்து கேள்வி கேட்டேன். முதல் கேள்வியிலேயே அவன் தடுமாறிவிட்டான்.

"உமது சொந்த இடம் எது?"

அவன் பிறந்தது புத்தளம். படித்ததில் பாதி புத்தளம், பாதி முசலி. இப்போது முகவரி முசலி. "எதச் சொல்றது மாமா? புத்தளம் என்டு சொன்னா இவர் வெளி மாவட்டம் என்டு சொல்லிடுவாங்களோ?" என்றான். வடக்கு முஸ்லிம்களின் பிள்ளைகளுக்கு இது வெறும் சம்பிரதாயக் கேள்வியல்ல. வாக்காளர் இடாப்பு, வீட்டுத் திட்டம், காணி என்று எந்த மேசைக்குப் போனாலும் இந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. பத்திரத்தில் உள்ளதை வரிசையாகச் சொல்லச் சொன்னேன்.

இரண்டாவது சிக்கல் அவனுடைய நண்பன் ஒருவனால் வந்தது. கொழும்பில் ஒரு கராஜில் இரண்டு வருடம் வேலை செய்ததாகச் சொல், கடிதம் நான் எடுத்துத் தருகிறேன் என்று அந்த நண்பன் சொல்லியிருக்கிறான். "எல்லாரும் அப்படித்தான் மாமா சொல்றாங்க" என்றான் இவன்.

அப்போதுதான் சூரதுல் கஸஸை எடுத்துச் சொன்னேன். மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரிலிருந்து உயிர் தப்பி மத்யன் கிணற்றடிக்கு வந்து சேர்கிறார்கள். கையில் காசில்லை, ஊரில் தெரிந்தவர் இல்லை, நற்சாட்சிப் பத்திரம் எழுதித்தர யாருமில்லை. நம்மைப் போல ஓர் அகதி! இடையர்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு, கூலி கேளாமல் நிழலில் போய் அமர்ந்து, தம் தேவையை அல்லாஹ்விடம் மட்டும் சொல்கிறார்கள். பிறகு அந்தப் பெண்களில் ஒருவர் தன் தந்தையிடம் இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லும்போது இரண்டே காரணங்களைக் காட்டுகிறார்: பலமுள்ளவர், நம்பிக்கையானவர். இது 26ஆம் வசனம். அடுத்த வசனத்தில் எட்டு வருட ஒப்பந்தம், விரும்பினால் பத்து வருடம் என்று பேச்சு முடிந்துவிடுகிறது. வேலைக்கு ஆள் எடுப்பவர் இன்றும் இந்த இரண்டைத்தானே தேடுகிறார்? தொழில் தெரியுமா, நம்பலாமா? பொய்க் கடிதம் முதலாவதைக் கூட்டிக் காட்டப் போய் இரண்டாவதை அழித்துவிடுகிறது.

"அப்ப நம்மட பெருமைய நாமளே சொல்லலாமா மாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதவியைக் கேட்டுப் பெறாதீர் என்று நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரழி) அவர்களுக்குச் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆனால் யூசுப் (அலை) அவர்கள் சிறையிலிருந்து வந்து மன்னன் முன் நின்று, களஞ்சியப் பொறுப்பைக் கேட்டு, தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என்று இரண்டு தகுதிகளைத் தாமே சொன்னதும் குர்ஆனில் இருக்கிறது. அதிகார ஆசை வேறு, உள்ள தகுதியைத் தேவையான இடத்தில் உள்ளபடி சொல்வது வேறு என்று உலமாக்கள் விளக்கியுள்ளார்கள்.

இவ்வளவு பேசும் நான் என் முதல் நேர்முகப் பரீட்சையில் தோற்றவன். ஏன் ஆசிரியத் தொழிலுக்கு வர விரும்புகிறீர் என்று கேட்டார்கள். நான் இரவெல்லாம் மனனம் செய்திருந்த கல்வியின் சிறப்பு பற்றிய பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டேன். நடுவில் ஒருவர் கையை உயர்த்தி, "மௌலவி, நான் உங்களப் பத்திக் கேட்டன்" என்றார். அதற்கு மேல் என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஓதல், ஹிப்ழ் என்று அரபு மத்ரஸாவில் வருடக் கணக்காக மனனம் செய்து பழகியவனுக்குத் தன்னைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை!

மறுநாள் சுபஹைத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். முருங்கனில் பஸ் மாறினோம். மடுச் சந்தி, பறயனாலங்குளம் தாண்டியதும் பஸ் வவுனியா வீதிக்குத் திரும்பியது. பூவரசங்குளம், பம்பைமடு என்று ஊர்கள் வந்தன. குளத்தின் பெயர் இல்லாத ஊரை இந்த மாவட்டத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தைக் கண்டதும் மருமகன் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது அது. தனக்குக் கிடைக்காத இடம் என்று அவன் நினைத்திருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நெளுக்குளத்தில் இறங்கியபோது வாசலில் ஏற்கனவே நல்ல கூட்டம். தமிழ்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகள், சில சிங்களப் பிள்ளைகளும். பட்டாணிச்சூர் பக்கமிருந்து இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு தாய் என் தொப்பியைக் கண்டுவிட்டு அருகில் வந்தார். மார்க்கச் சட்டம் ஏதோ கேட்கப் போகிறார் என்று நான் ஆயத்தமானேன். அவர் கேட்டது, பின்னேரம் வகுப்பு முடிய எத்தனை மணிக்கு பஸ் இருக்கிறது என்பது! கதீஜா (ரழி) அவர்கள் தம் வணிகத்துக்கு ஆள் தேடியபோது முஹம்மத் (ஸல்) அவர்களின் நாணயத்தைக் கேள்விப்பட்டே அழைத்தார்கள் என்று ஸீராவில் படிக்கிறோம். அவர்களை உம்மா என்று அழைக்கும் சமுதாயத்துக்குப் பெண் பிள்ளையின் தொழிற்கல்வி பற்றி வாசலில் வைத்துப் பத்வா தேவைப்படவில்லை. பஸ் நேரம்தான் தேவைப்பட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் பக்கத்து மரநிழலில் கிளிநொச்சிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். இளைய மகனோடு வந்திருந்தார். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர் கட்டடத்தைப் பார்த்தபடி, "இவன்ர தமையனும் இதுக்குள்ள இருந்தவன் ஐயா, 2009இல. அப்பவும் நான் இந்த வாசலிலதான் நிண்டனான்" என்றார்.

யுத்தம் முடிந்த அந்த வருடம் வன்னியிலிருந்து வந்தவர்களில் புலிகள் இயக்கத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்டவர்களைத் தடுத்து வைத்த இடங்களில் இந்தத் தொழில்நுட்பக் கல்லூரியும் ஒன்று. தமையன் இப்போது எங்கே என்று கேட்க எனக்கு நா எழவில்லை. 1990ஐப் பற்றி அவரும் என்னிடம் கேட்கவில்லை. அவர் போத்தலிலிருந்த தண்ணீரை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

உள்ளே என்ன படிப்பிக்கிறார்கள் என்று அறிய விரும்புவீர்கள். இவை தொழில்நுட்பக் கல்வி, பயிற்சித் திணைக்களத்தின் கீழ் வரும் கல்லூரிகள். மின்னிணைப்பாளர், நீர்க்குழாய் பொருத்துநர், உருக்கி ஒட்டுநர், மோட்டார் வாகனத் திருத்தம், கட்டடத் துறை, கணினி, கணக்கியல் போன்றவை இத்தகைய கல்லூரிகளின் வழமையான கற்கைகள். முழுநேரக் கற்கைக்குக் கட்டணமில்லை. முடிவில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். அதில் ஏழு மட்டங்கள். நான்காம் மட்டம் வரை கைத்தொழிலாளர் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாம் மட்டம் பட்டம். அதாவது உயர்தரத்தில் ஒரு கதவு மூடப்பட்ட பிள்ளைக்கு இந்தப் பக்கமாகவும் பட்டம் வரை ஒரு படிக்கட்டு இருக்கிறது. இரத்மலானையில் 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் அந்தப் படிக்கட்டின் உச்சியில் உள்ளது. வன்னியிலேயே கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் ஜேர்மன் உதவியோடு ஆரம்பித்த பயிற்சி நிலையமும் உண்டு.

இன்னொன்று, இது வயது வந்த சகோதரர்களுக்கு. இருபது வருடமாக மேசன் வேலையோ வயரிங்கோ செய்து, ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் இருக்கிறீர்களா? முன்னைய அனுபவத்தைப் பரிசோதித்து அதே சான்றிதழைத் தரும் முறை இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். வெளிநாடு போகிறவர்களுக்கும் இது அவசியமாகிவிட்டது. சவூதி அரேபியா இப்போது பல தொழில்களுக்கு, வருபவரின் திறமையை அவரவர் நாட்டிலேயே பரிசோதித்த பிறகே விசா வழங்குகிறது. ஏஜன்சிக்காரர் சொல்லும் "எல்லாம் நான் பாக்கிறன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பதினொரு மணியளவில் மருமகனை அழைத்தார்கள். பத்து நிமிடம்கூட இல்லை, வெளியே வந்துவிட்டான். முகத்தைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை.

"சொந்த இடம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. புத்தளத்துல பிறந்த, வாப்பாட ஊர் முசலி, இப்ப அங்கதான் இருக்கம் என்டு சொன்னன். எழுதிக்கிட்டாங்க."

அவ்வளவுதான். இரவெல்லாம் பயந்த கேள்வி ஒரு வரியில் முடிந்துவிட்டது.

"வேற?"

"ஏன் கரண்ட் வேலை படிக்கப் போற என்டு கேட்டாங்க. பம்பு திருத்துறதச் சொன்னன். மோட்டர் எரிஞ்சா வைண்டிங் பண்ணத் தெரியாம டவுனுக்குக் குடுத்தனுப்புறன், அத நானே செய்யணும் என்டன். ஒரு சேர், ரைஸ் மில்லுக்கு ஏன் த்ரீ பேஸ் குடுக்கிறாங்க என்டு கேட்டார். தெரியாது சேர், படிக்கத்தான் வந்திருக்கன் என்டன்."

"அதுக்கு அவர்?"

"சிரிச்சார்."

சிரிப்பு எந்த வகை என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெயர்ப் பட்டியல் பிறகுதான் போடுவார்களாம். மச்சான் தொலைபேசியில் மூன்று தடவை எடுத்துவிட்டார். மூன்றாவது தடவை, கச்சேரியில் ஒரு வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்களாம் என்ற செய்தியையும் சேர்த்துச் சொன்னார். விண்ணப்பப் படிவம் வந்தால் அதையும் போடச் சொன்னேன். போடுவதில் தவறில்லை, அதற்காகப் படிப்பை நிறுத்தாமல் இருந்தால் சரி.

ளுஹருக்கு நகரப் பக்கம் போய் ஒரு பள்ளிவாசலில் இறங்கினோம். வுழூச் செய்யப் போனால் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. கிணற்றடியில் மோட்டர் ஒரு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. மருமகன் சேர்ட் கையை மடித்தவன் வுழூச் செய்யாமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு முஅத்தின் ஹஸ்ரத்திடம் போய், "இது எங்கயோ காத்து இழுக்குது ஹஸ்ரத், மோட்டர நிப்பாட்டுங்க, எரிஞ்சிடும்" என்றான்.

தொழுகை முடிந்து நான் வெளியே வந்தபோது, அவன் நேர்முகப் பரீட்சைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சேர்ட்டைக் கழற்றி என் பைலின் மேல் மடித்து வைத்துவிட்டு, கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து குழாய் மூட்டுக்குச் சைக்கிள் டியூப் துண்டு சுற்றிக்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டோம்.